நடுப்பகலில் வீணாகும் மின்சாரமும் வாசலில் நிற்கும் வாகனமும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணியைத் தாண்டிய நேரத்தில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று எரிசக்தி அமைச்சர் குமார ஜயகொடி சொன்னார். மறுநாள் எனது பத்தாம் தர விஞ்ஞானப் பாடம் முழுக்கக் குரங்குக் கதைதான். சிரித்து முடிந்த பிறகு பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சேர், நல்ல வெயில் நேரம். எத்தின ஊட்டுக் கூரையில சோலார் இரிக்கி. அப்ப எப்பிடி சேர் கரண்ட் போற?”

அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. மணியும் அடித்துவிட்டது. கல்வியியற் கல்லூரியில் எமக்குக் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர், பதில் தெரியாத கேள்வியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைக்கச் சொல்வார். நானும் எழுதி வைத்தேன். அந்தக் கேள்வியைத் தேடிப் போனபோதுதான், பிளக் குத்தி சார்ஜ் செய்யும் ஹைபிரிட் வாகனங்களையும் எமது மின்கட்டமைப்பையும் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையோடு வாசியுங்கள்.

மின்கட்டமைப்பு என்பது உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு விநாடியும் சமமாக இருக்க வேண்டிய ஒன்று. சமநிலை இருக்கிறதா என்பதைக் காட்டும் அளவு, 50 ஹேர்ட்ஸ் என்ற மீடிறன். உற்பத்தி குறைந்தால் அது இறங்கும், கூடினால் ஏறும். நுரைச்சோலையிலும் மலைநாட்டு அணைகளிலும் சுழலும் கனமான சுழலிகள், கவிழ்த்து வைத்த சைக்கிளின் சில்லைப் போல, தள்ளிய கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றும். அந்தச் சடத்துவம்தான் திடீர் அதிர்ச்சியைத் தாங்கும். கூரையிலுள்ள சோலார் பெனலில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. மீடிறன் தாறுமாறாகப் போனதும் அதன் இன்வெர்ட்டர் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளத் தானாகவே நின்றுவிடும். அந்த ஞாயிறு முற்பகலில் விடுமுறை என்பதால் பாவனை குறைவு. ஓடிக்கொண்டிருந்த மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி சூரிய சக்தி. பாணந்துறையில் ஏற்பட்ட ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் கனம் கட்டமைப்பில் இருக்கவில்லை. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவற்றை மீண்டும் இயக்க நாட்கள் எடுத்ததால் அடுத்த இரண்டு நாட்களும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு அமுலானது.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு செய்தி. ஏப்ரல் 13 முதல் 21 வரை, புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், கூரை சோலார் வைத்திருப்போர் பிற்பகல் 3 மணி வரை தமது தொகுதிகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும் நாட்களில் அவ்வளவு மின்சாரத்தை எடுப்பதற்கு ஆளில்லை. பொறியியல் ரீதியாக அது நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன். ஆனால் எமது ஊர்களில் வங்கிக் கடனெடுத்து சோலார் போட்ட குடும்பங்கள் எத்தனை! பெனலை நிறுத்தலாம், மாதாந்தத் தவணையை நிறுத்த முடியாது. 2016 செப்டெம்பரில் “சூரிய பல சங்ராமய” திட்டம் ஆரம்பிக்கப்பட்டபோது ஒவ்வொரு வீடும் ஒரு மின் நிலையம் என்று சொன்னார்கள். இன்று நாட்டின் கூரைகளில் 1,000 மெகாவொட்டுக்கு மேல் ஏறிவிட்டது. அந்த மின் நிலையங்களைத்தான் நல்ல வெயில் நேரத்தில் மூடச் சொல்கிறோம்.

அதே நாள் மாலை 6.30க்கு என்ன நடக்கிறது? சூரியன் மறையும். வீடுகளில் விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஒன்றாக ஏறும். இரவு 10.30 வரை நாட்டின் உச்ச நேரம். அந்த நான்கு மணித்தியாலத்துக்காகத்தான் அணை நீரைத் திறக்கிறோம், போதாததற்கு டொலர் கொடுத்து வாங்கிய எண்ணெயை எரிக்கிறோம். நடுப்பகலில் வேண்டாம் என்று தள்ளிய அதே பொருளை இரவில் மிகக் கூடிய விலைக்கு வாங்குகிறோம்.

வாவிக்கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. மாரியில் வாவி நிரம்பி வயலும் ஊரும் மூழ்கப் பார்க்கும்போது முகத்துவாரத்தை வெட்டி விடுகிறோம். நீர் கடலுக்கு ஓடும். வேறு வழியில்லை, வெட்டாவிட்டால் ஊர் போய்விடும். ஆனால் ஆடி மாதம் நிலம் வெடிக்கும்போது, அந்த நீரில் கொஞ்சத்தைக் குளத்தில் மறித்து வைத்திருக்கலாமே என்று விவசாயிக்குத் தோன்றும். எமது மின்சாரத்துக்குக் குளம் இல்லை. உப மின் நிலையங்களில் பெரிய பெட்டரிகளைப் பொருத்தும் திட்டமும், அரநாயக்கப் பக்கம் மகா ஓயாவில் 600 மெகாவொட் நீரேற்று மின் திட்டமும் பேசப்படுகின்றன. அவை வரட்டும். நான் சொல்ல வருவது, எவருடைய திட்டத்திலும் இல்லாமல், துறைமுகம் வழியாக ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னக் குளங்களைப் பற்றி.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. இப்போது வருபவற்றில் கணிசமானவை பிளக் உள்ளவை. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எமது ஊரில் அக்வாவும் ஹைபிரிட்தான், வெசலும் ஹைபிரிட்தான், வெகன் ஆரும் ஹைபிரிட்தான். இவையெல்லாம் தமது பெட்டரியைத் தாமே, பெற்றோலிலிருந்தும் பிரேக் பிடிக்கும் வேகத்திலிருந்தும் நிரப்பிக்கொள்பவை. சுவரிலுள்ள பிளக்குக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பிளக்-இன் ஹைபிரிட் வேறு. அதற்குப் பெரிய பெட்டரி உண்டு. வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்யலாம். நாற்பது ஐம்பது கிலோமீற்றரோ அதற்கு மேலோ பெற்றோல் இல்லாமல் ஓடலாம். பெட்டரி முடிந்தால் இயந்திரம் கைகொடுக்கும். மிட்சுபிஷி அவுட்லேண்டர் முதன்முதலில் 12 கிலோவொட் மணி பெட்டரியோடு 2013இல் ஜப்பானில் வெளிவந்தது. அண்மையில் வந்திருக்கும் பி.வை.டி. சீலயன் 6 என்பதில் 18 கிலோவொட் மணிக்குச் சற்று மேல். ஷார்க் 6 என்ற பிக்கப்பில் ஏறத்தாழ 30.

கிலோவொட் மணி என்றால் மின்பட்டியலில் வரும் ஓர் அலகு, அவ்வளவுதான். மாதம் 90 அலகு பாவிக்கும் ஒரு வீட்டுக்கு நாளுக்கு 3 அலகு. அவுட்லேண்டரின் பெட்டரியிலிருந்து 8 அலகை எடுக்க முடிந்தால் அந்த வீடு இரண்டரை நாள் ஓடும். இதைப் பலகையில் போட்டுக் காட்டியபோது மாணவர்கள் நம்பவில்லை. தமது வீட்டு மின்பட்டியலைக் கொண்டுவந்து தாமே பிரித்துப் பார்த்தார்கள்.

நிறுத்தி வைத்திருக்கும் வாகனத்தின் பெட்டரியை மின்கட்டமைப்பு பயன்படுத்தலாம் என்ற யோசனை புதியதல்ல. அமெரிக்காவின் டெலவெயார் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெட் கெம்ப்டன் 1997இலேயே இன்னொருவரோடு சேர்ந்து இதை எழுதினார். அவருடைய கணக்கு எளியது: ஒரு கார் நாளின் பெரும் பகுதி சும்மாதான் நிற்கிறது. நிற்கும்போது அதை மின்வலையமைப்போடு இணைத்து வைத்தால், மின்சாரம் மிஞ்சும்போது வாங்கிக்கொள்ளும், குறையும்போது கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், உரிமையாளருக்கு அதற்கான பணம் கிடைக்கும். டென்மார்க்கில் பிரடெரிக்ஸ்பேர்க் நகரத்துப் பொதுச்சேவை நிறுவனம் ஒன்றின் மின்சார வேன்கள் 2016 முதல் இதைச் செய்தன. மாலையில் வேலை முடிந்து வந்து நின்றதும் பிளக் குத்துவார்கள். விடியும் வரை அந்த வேன்கள் மீடிறன் இறங்கும்போது கொடுத்தும் ஏறும்போது எடுத்தும் கட்டமைப்பைத் தாங்கும். எமது சைக்கிள் சில்லின் சடத்துவம் செய்யும் வேலையை, சடத்துவம் இல்லாமலே, கணினி வேகத்தில் செய்வது இது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பகிர்ந்து பாவிக்கும் ரெனோல்ட் கார்களைக் கொண்டு தெருவளவில் இதைத் தொடங்கியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மூளையாக இருப்பதைத்தான் ஸ்மார்ட் கிரிட் என்கிறார்கள். பெயர் பெரிது, சாரம், மின்சாரம் ஓடும் கம்பியோடு தகவலும் ஓட வேண்டும் என்பதுதான். எந்த நேரத்தில் எவ்வளவு எடுத்தாய், எவ்வளவு கொடுத்தாய் என்று மீட்டருக்குத் தெரிய வேண்டும். எமது வீடுகளில் பெரும்பாலானவற்றில் மாதம் ஒருமுறை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகும் மீட்டர்தான் இன்னும் இருக்கிறது. நடுப்பகலில் எடுத்த அலகும் இரவு எட்டு மணிக்கு எடுத்த அலகும் அதற்கு ஒன்றுதான்.

வெளிநாட்டுக் கதை போதும். கடந்த நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்த இரவுகளை எடுத்துக்கொள்வோம். எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை, தொலைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 1978 நவம்பர் சூறாவளியை நேரில் கண்ட எங்கள் உம்மா காற்றுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓதத் தொடங்கிவிடுவார். எங்கள் ஒழுங்கையில் ஒரு காக்காவிடம் பழைய அவுட்லேண்டர் பிளக்-இன் ஒன்று இருக்கிறது. கொழும்பில் இரண்டாம் கையாக வாங்கியது. அதன் பின்புறத்தில் சாதாரண பிளக் ஒன்று இருப்பது அவருக்கே அதுவரை பெரிதாகத் தோன்றவில்லை. அன்றிரவு அவரது மகன் அதில் ஒரு நீட்டுக் கம்பியைக் குத்தினான். முதலில் கைபேசிகள். பிறகு, பக்கத்து வீட்டு ராத்தாவின் குளிர்சாதனப் பெட்டி. அவருக்கு நீரிழிவு, இன்சுலின் உள்ளே இருந்தது. பெட்டரி இறங்கியபோது வாகனம் தானாக இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் இயக்கி நிரப்பிக்கொண்டது. ஒழுங்கையில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களது சத்தத்தை இரவு முழுக்கக் கேட்டோம். இந்த வாகனம் பெரும்பாலான நேரம் மௌனமாக நின்றது.

ஜப்பானியர்கள் இதை 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு திட்டமிட்டே செய்தார்கள். 2012இல் நிஸான் நிறுவனம் லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் சாதனத்தை விற்பனைக்கு விட்டது. அவுட்லேண்டரில் 1,500 வொட் பிளக் வைத்தார்கள். பெற்றோல் தாங்கி நிறைந்திருந்தால் சாதாரண வீடொன்றுக்குச் சுமார் பத்து நாள் தாக்குப்பிடிக்கும் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. 2019 செப்டெம்பரில் சிபா மாகாணத்தைப் புயல் தாக்கி மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது இத்தகைய வாகனங்களை முதியோர் இல்லங்களுக்கும் சமூக நிலையங்களுக்கும் அனுப்பினார்கள். புயலும் வெள்ளமும் எமக்கும் ஆண்டுதோறும் வருபவைதான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வாகனத்திலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ வரும் கம்பியை வீட்டுச் சுவர்ப் பிளக்கில் குத்தி “முழு வீட்டுக்கும்” மின்சாரம் கொடுக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து செய்ய வேண்டாம். சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாவிட்டால் அந்த மின்சாரம் வெளிக் கம்பிக்கும் போகும். கம்பத்தில் ஏறித் திருத்திக்கொண்டிருக்கும் ஊழியர் கம்பி செத்துவிட்டது என்ற நம்பிக்கையில்தான் கை வைக்கிறார். அதேபோல இயந்திரம் இயங்கும் வாகனத்தை மூடிய கராஜுக்குள் விடக் கூடாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். 1,500 வொட்டுக்குள் மின்விசிறி, விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, கைபேசி என்று நேரடியாகக் கம்பி இழுத்துக்கொள்வதே பாதுகாப்பு. கேத்தலையும் இஸ்திரிப் பெட்டியையும் மறந்துவிடுங்கள்.

இனி அளவைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும், ஏனெனில் இந்த விடயத்தில் மிகைப்படுத்தல் அதிகம். ஒரு வாகனம் 3 கிலோவொட் திருப்பிக் கொடுக்கும் என்று வைப்போம். ஆயிரம் வாகனம் சேர்ந்தால் 3 மெகாவொட். நுரைச்சோலையின் ஒரே ஓர் இயந்திரம் 300 மெகாவொட். அதற்கு ஈடாக ஒரு லட்சம் வாகனங்கள் ஒரே நேரத்தில் பிளக்கில் இருக்க வேண்டும். அது நாளையோ மறுநாளோ நடக்கப் போவதில்லை. ஆனால் இந்தக் கணக்கு மறுபக்கமாகவும் ஓடும். ஒரு லட்சம் பேர் வேலை முடிந்து வந்து மாலை 6.30க்குப் பிளக் குத்தினால், நாட்டின் உச்ச நேரத்தில் இன்னொரு நுரைச்சோலை இயந்திரம் தேவைப்படும். அதற்கு ஒரு லட்சமும் வேண்டியதில்லை. எங்கள் காத்தான்குடி போல நெருக்கமாக வீடுகள் உள்ள ஊரில், மஹ்ரிபுக்குப் பிறகு மின்விசிறி சுழலும் வேகத்தை வைத்தே மின்னழுத்தம் இறங்கியதைச் சொல்லிவிடுவோம். அப்படியான ஒழுங்கையில் 7 கிலோவொட் சார்ஜர் இரண்டு ஒரே நேரத்தில் ஏறினால், அந்த ஒழுங்கைக்குப் பல வீடுகள் புதிதாக வந்த மாதிரி. வாகனம் வாங்காதவருடைய மின்விசிறியும் சேர்ந்தே மெதுவாகும்.

ஆகவே கேள்வி, பிளக் வாகனம் நல்லதா கெட்டதா என்பதாக இருக்கக் கூடாது. அது எந்த நேரத்தில், எங்கே நிற்கும்போது பிளக் குத்தப்படுகிறது என்பதே கேள்வி. என் நிலைப்பாடு இதுதான்: வாகனம் இரவில் எங்கே தூங்குகிறதோ அங்கே சார்ஜ் செய்யும் பழக்கத்தை நாம் மாற்ற வேண்டும், நடுப்பகலில் எங்கே நிற்கிறதோ அங்கே சார்ஜ் செய்ய வேண்டும். காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்று வரை நாட்டில் மின்சாரம் மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் நிரப்பிய வாகனம் மாலையில் நிறைந்த பெட்டரியோடு வீட்டுக்கு வரும். வந்து கட்டமைப்பிடம் எதையும் கேட்காது. சாதனம் இருந்தால் கொஞ்சம் கொடுக்கவும் செய்யும். கொடுப்பதில் பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு ஒரு வசதி உண்டு. முழு மின்சாரக் கார்க்காரர், பெட்டரியை இரவில் கொடுத்துவிட்டால் அவசரத்துக்கு வைத்தியசாலைக்கு எப்படிப் போவது என்று பயப்படுவார், அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஹைபிரிட்காரருக்குப் பெற்றோல் தாங்கி பின்னால் இருக்கிறது.

ஆனால் எமது கட்டண முறை இதற்கு நேர்மாறாக அமைந்திருக்கிறது. நேர அடிப்படைக் கட்டணத்தைத் தெரிவு செய்யும் வீட்டுக்கு மலிவான நேரம் என்று நெடுங்காலமாக இருந்து வந்தது இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை. நுரைச்சோலையை இரவில் அணைக்க முடியாது, பாவிக்க ஆளுமில்லை என்றிருந்த காலத்தின் ஏற்பாடு அது. அந்தக் காலத்தில் கூரைகளில் பெனல் இல்லை. இன்று மிஞ்சுவது பகலில். அயலிலுள்ள இந்தியா 2023 ஜூனில் தனது விதிகளைத் திருத்தி, நாளில் எட்டு மணித்தியாலத்தைச் சூரிய நேரமாக்கி, அந்நேரக் கட்டணம் வழமையை விட 10 முதல் 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்றது. கேரளத்தில் பகல் வேளை வாகன சார்ஜுக்குத் தனிச் சலுகை வந்திருக்கிறது. நாமோ ஏப்ரலில் பெனலை நிறுத்தச் சொல்கிறோம், அதே நேரம் வாகனக்காரரை இரவில் சார்ஜ் செய்யச் சொல்கிறோம்.

இங்கும் அசைவு இல்லாமலில்லை. கூரை சோலாரிலிருந்து புதிதாகச் சேருபவர்களுக்குப் பகல் அலகுக்கு இருபது ரூபாய் அளவில்தான் கிடைக்கிறது. பெட்டரி வைத்து மாலை 6.30க்கும் 10.30க்கும் இடையில் கொடுத்தால் 45 ரூபாய்க்கு மேல் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த இடைவெளிதான் முழு விடயமும். சுவரில் மாட்டிய பெட்டரியிலிருந்து வரும் அலகுக்கும் வாசலில் நிற்கும் வாகனத்தின் பெட்டரியிலிருந்து வரும் அலகுக்கும் கட்டமைப்பில் வேறுபாடில்லை. அதே விலையை வாகனத்துக்கும் கொடுக்க வேண்டும். மின்சார சபையைக் கம்பனிகளாகப் பிரித்து எழுதப்படும் புதிய விதிகளில் இதற்கு இடம் வைக்க வேண்டும். பெட்டரி தேய்ந்துவிடாதா என்று கேட்பார்கள். தேயும். அதனால்தான் இலவசமாகக் கேட்கக் கூடாது என்கிறேன். எவருடைய பொருளையும் விலை கொடுக்காமல் தேய்ப்பதற்கு நாட்டு நலன் என்று பெயர் சூட்ட முடியாது.

எமது சமூகத்தோடு நேரடியாகத் தொடர்புபட்ட ஒன்றைச் சொல்கிறேன். நோன்பு நெருங்குகிறது. இந்த முறை நோன்பு திறக்கும் நேரம் மாலை ஆறேகால் சுமாருக்கு வரும். அதாவது இஃப்தார் முடிந்து எழும்பும்போது நாட்டின் உச்ச நேரம் தொடங்குகிறது. மஹ்ரிப், பிறகு இஷா, தராவீஹ். பள்ளிவாசல்களின் மின்விசிறி, ஏசி, ஒலிபெருக்கி, வீடுகளில் சமையல் எல்லாம் அந்த நான்கு மணித்தியாலத்துக்குள் விழுகின்றன. 2022 நோன்பில் இருட்டில் ஸஹர் சாப்பிட்டதை எவரும் மறந்திருக்க மாட்டோம். அதே பள்ளிவாசலின் கூரை பகலில் வெயிலில் காய்கிறது. லுஹருக்கும் அஸருக்கும் இடையில் உள்ளே பத்துப் பேர் இருந்தால் அதிகம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவைத் தவிரப் பகல் பாவனை மிகக் குறைவு. சோலார் போட்ட பள்ளிவாசல்கள் அவ்வளவையும் கட்டமைப்புக்கே அனுப்புகின்றன, அது வேண்டாம் என்கிற நேரத்தில்.

அந்தக் கூரையின் கீழே, வளவுக்குள், நாலு சார்ஜ் பிளக் வைத்தால் என்ன? கடைத் தெருக்காரர்களின் வாகனங்கள் பகலில் அங்கேதான் சுற்றி நிற்கின்றன. நான் இதை நண்பரான மௌலவி ஒருவரிடம் சொன்னபோது அவர் உடனே கேட்டது பொறியியல் கேள்வி இல்லை. “அது வக்பு சொத்து. ஒருத்தர்ர காருக்குப் பள்ளிட கரண்ட இலவசமாக் குடுக்க ஏலுமா?” என்றார். முடியாதுதான். அதனால் பிளக்கோடு தனி மீட்டர் வேண்டும், அலகுக்குக் காசு வேண்டும், கணக்கு அறிவித்தல் பலகையில் தொங்க வேண்டும். மற்றவருக்கு விற்பதற்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் நடைமுறை என்ன என்று முதலில் விசாரிக்க வேண்டும். மௌலவியின் கேள்வி தொழில்நுட்பத்துக்குத் தடையாக எனக்குத் தெரியவில்லை. யார் எவ்வளவு எடுத்தார், எந்த நேரத்தில் எடுத்தார், அதற்கு என்ன கொடுத்தார் என்பதைத்தானே ஸ்மார்ட் மீட்டரும் கேட்கிறது.

இன்னொரு கேள்வி எனக்கே உள்ளுக்குள் இருக்கிறது. இந்த வாகனங்களின் விலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆசிரியர் சம்பளத்தில் அதன் டயரைத்தான் வாங்கலாம். வசதியுள்ளவரின் கூரைக்கும் காருக்கும் நல்ல விலை கொடுத்து, அந்தச் செலவை மாதம் 60 அலகுக்குள் வாழும் குடும்பங்களின் பட்டியலில் ஏற்றினால் அது அநியாயம். அப்படி நடக்கவும் கூடும், இதுவரை நடந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாலையில் எண்ணெய் எரிப்பது எவ்வளவு குறைகிறதோ அந்த மிச்சத்துக்குள்தான் வாகனக்காரருக்கான கொடுப்பனவு நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சதமும் கூடாது.

கார் இல்லாதவர்களுக்கு இதில் இடமில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2022இல் பெற்றோல் வரிசையிலும் கியூ.ஆர். அட்டையிலும் அலைந்த பிறகு எமது ஊரில் மின்சார ஸ்கூட்டர் வாங்கியவர்கள் உண்டு. அவற்றின் பெட்டரி கழற்றித் தூக்கிச் செல்லக்கூடியது. பகலில் பாடசாலையிலோ கடையிலோ நிரப்புவதற்கு ஒரு பிளக் போதும். முச்சக்கர வண்டிகள் மின்சாரத்துக்கு மாறினால் ஓட்டுநர்கள் நடுப்பகலில் சவாரி குறைந்த நேரத்தில் நிறுத்தி நிரப்பலாம், அவர்கள் எப்படியும் அந்த நேரம் நிழலில்தான் நிற்கிறார்கள். பெட்டரி என்று பெயர் இல்லாத பெட்டரிகளும் எம்மிடம் இருக்கின்றன. வாவி மீனவருக்கு ஐஸ் கொடுக்கும் தொழிற்சாலை நடுப்பகல் மின்சாரத்தில் ஐஸ் கட்டினால் அதுவும் சேமித்து வைத்த வெயில்தான். பகல் கட்டணம் குறைந்தால் முதலில் மாறப் போகிறவர் கார்க்காரரை விட ஐஸ் முதலாளியாகத்தான் இருப்பார் என்பது என் ஊகம். அது இன்னொரு கட்டுரைக்கான விடயம்.

அந்த மாணவிக்கு நான் கொடுக்க வேண்டிய பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. வெயில் இருந்தது, பெனல் இருந்தது, அதை ஏந்தி வைக்கப் பாத்திரம் இருக்கவில்லை. அவள் இப்போது பதினோராம் தரம், டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை.

அடுத்த மாதம் எமது பாடசாலை அபிவிருத்திக் குழு கூடுகிறது. ஆசிரியர்கள் வாகனம் நிறுத்தும் தகரக் கொட்டிலில் இரண்டு பிளக், ஒரு தனி மீட்டர், காலை ஒன்பது முதல் இரண்டு வரை மட்டும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இப்போதைக்கு வாடிக்கையாளர் இரண்டே பேர்: கணித பாட டீச்சரின் மின்சார ஸ்கூட்டர், மற்றது பாடசாலைக்கு முன்னால் கடை வைத்திருக்கும் எங்கள் ஒழுங்கைக் காக்காவின் அவுட்லேண்டர். அலகுக்கு எவ்வளவு அறவிடுவது என்பதில் அவரும் நானும் இன்னும் உடன்படவில்லை.